மலையக மனநல வரலாறு – 9: முடிவு வராத ஆண்டுகள்

தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்துக்கென 1872ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டத்தையும், மனநோயாளரைப் பொறுப்பேற்று அடைத்துவைப்பதற்கென 1873ஆம் ஆண்டு வந்த சட்டத்தையும் முந்தைய இயல்கள் விளக்கின. அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறந்த இவ்விரு சட்டங்களுக்கும் நடுவில் விழுந்துபோன நோய்நிலை ஒன்று உண்டு. காய்ச்சலும் வயிற்றுளைவும் கண்டவரைத் தோட்டத்து டிஸ்பென்சரி கவனித்தது. ஊரார் அஞ்சும்படி நடந்துகொண்டவரை ஆணையொன்று கொழும்புக்கும், பின்னாளில் அங்கொடை மனநோய் மருத்துவமனைக்கும் அனுப்பியது. இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டு, நெஞ்சு அடித்துக்கொள்ள எழுந்து, விடியலில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறிப் போனவரோ வேலைக்கு வந்தவராகவே கணக்கில் ஏறினார். இலங்கைத் தமிழ் மருத்துவ எழுத்து பதகளிப்பு என்று குறிப்பிடும் இந்நிலையும், அதைப் பற்றி உலகின் ஆய்வுகூடங்கள் கண்டறிந்தவையும், நுவரெலியா, ஹட்டன் மலைகளின் நூறாண்டு அனுபவத்தோடு எங்கே பொருந்துகின்றன என்பதே இந்த இயலின் பொருள்.

அச்சத்துக்குக் கண்ணெதிரே ஒரு பொருள் உண்டு. பதகளிப்பு, வரக்கூடும் என்றோ வராமலும் போகக்கூடும் என்றோ சொல்லமுடியாத ஒன்றை எதிர்நோக்கி உடலும் மனமும் ஓயாமல் விழித்திருக்கும் நிலை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுக்கிறது. தேயிலை மலைகளில் இந்நான்குக்கும் குறைவிருக்கவில்லை: ரோதைமுனியும் கவ்வாத்துச்சாமியும் ஆட்சி செய்த இடங்களில் அணங்கு இருந்தது, தேயிலைத் தூருக்கடியில் பதுங்கிய சிறுத்தையும், கொழுந்துக்குக் கை நீட்டும்போது கலைந்து வந்து மொய்க்கும் குளவியும் விலங்கின் இடத்தை நிரப்பின, கோழிக்கூட்டையும் விறகுக் கட்டையும் குறிவைத்த கள்வர் எந்த லயத்துக்கும் புதியவரல்லர், நான்காவதாகத் துரை இருந்தார். முதல் மூன்றுக்கும் படையல், கவனம், காவல் என்று ஏதோவொரு பரிகாரம் தொழிலாளர் கையில் இருந்தது. நான்காவதற்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்பதோடு, அது எப்போது எந்த வடிவில் வரும் என்பதை முன்கூட்டி அறியும் வழியும் இருக்கவில்லை. அங்கேதான் அச்சம் பதகளிப்பாக மாறுகிறது.

இந்த அறியமுடியாமையை அன்றாடம் காணக்கூடிய இடம் கொழுந்து நிறுவை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஓர் அளவை வைக்கிறது. பல தோட்டங்களில் அது 18 கிலோவாக இருந்திருக்கிறது. கூடையோ சாக்கோ தராசில் தொங்கும்போது கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறார். அதிலிருந்து சாக்குக்கும், மழை நாளாயின் இலையில் ஒட்டிய நீருக்கும் கழிவு போகிறது. மிஞ்சியது அளவை எட்டினால் முழுப் பேர், எட்டாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். வறட்சியில் கொழுந்து வருவதில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்தே இல்லை. எந்த நிரை கிடைக்கும் என்பதைக் காலையில் கங்காணி தீர்மானிக்கிறார். உழைப்பின் கடுமை ஒருபுறமிருக்க, அவ்வுழைப்பின் பயன் தன் கையில் இல்லாத பிற காரணங்களால் கூடவும் குறையவும் செய்வதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. வேலையின் அழுத்தம் மிகுந்தும் அதன்மீது தொழிலாளிக்குள்ள அதிகாரம் குறைந்தும் இருக்கும் தொழில்களே மிகையான மன நெருக்கீட்டைத் தருகின்றன என்று 1979ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் வகுத்த கோட்பாடு தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நோக்கி எழுதப்பட்டதாயினும், அதற்கு நிறுவைத் தராசைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

தராசின் நிச்சயமின்மை மாலையோடு முடிந்துவிடும். காகிதத்தின் நிச்சயமின்மை அவ்வாறன்று. 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் கடன் தொகையை எழுதிக் கொடுக்கும் துண்டு இன்றி ஒருவர் தோட்டம் மாற முடியாதிருந்தது. அதன் பின்னரும் பழைய தோட்டம் கொடுத்த பற்றுச்சீட்டைக் காட்டாமல் புதிய தோட்டத்தில் பேர் பதிய முடியாதிருந்தது. துரை பற்றுச்சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தால் வேலையோடு லயக் காம்பிராவும் போயிற்று. ஆயினும் இவை ஒரு தோட்டத்தின் எல்லைக்குள் நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வெல்லையை நாடளவு விரித்தது.

அந்தச் சட்டத்தின்படி இலங்கையில் பிறந்தவர் என்பது போதாதாயிற்று. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததை நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்தோர் அரிதான லயங்களில் இந்த நிபந்தனை எவரைக் குறிவைத்தது என்பதில் ஐயமில்லை. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாசலைத் திறப்பதுபோலத் தோன்றிற்று: 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றது, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொண்டது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. 1964ஆம் ஆண்டளவில் குடியுரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. மற்றவர்கள் பதில் வரும் என்று பதினைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தார்கள்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதாக இரு நாடுகளும் உடன்பட்டன. அந்தப் பின்னர் 1974ஆம் ஆண்டுதான் வந்தது. அப்போது பாதிக்குப் பாதியாக, 75,000 வீதம் பகிர்ந்துகொள்ளப்பட்டது. பத்து ஆண்டுகளாக ஒன்றரை இலட்சம் மனிதர்கள் எந்த நாட்டின் கணக்கிலும் வராத எண்ணாக இருந்தார்கள் என்பது போதாதென்று, அந்த ஒன்றரை இலட்சத்துக்குள் யார் யார் அடங்குவர் என்பதையும் அறியாமல் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரும் காத்திருந்தார்கள். இலங்கையைக் கேட்டு விண்ணப்பித்தோர் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையைத் தாண்டினர். இந்தியாவைக் கேட்டோர் அதை எட்டவில்லை. ஒரே காம்பிராவில் தாய்க்கு ஒரு நாடும் மகனுக்கு வேறொரு நாடும் வாய்த்த குடும்பங்கள் உருவாயின.

இத்தகைய காத்திருப்பு மனித உடலுக்கு என்ன செய்கிறது என்பதை அதே காலப்பகுதியில் அமெரிக்க ஆய்வுகூடங்கள் வேறு நோக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தன. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜே வைஸ் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், ஒரே அளவு மின்னதிர்ச்சி பெற்ற எலிகளுள் அதிர்ச்சிக்கு முன் ஒலி கேட்டவற்றைவிட, அவ்வாறான அறிகுறி எதுவும் கேளாதவற்றுக்கே இரைப்பைப் புண் மிகுதியாக ஏற்பட்டது. வலியின் அளவு சமமாயிருக்க, அது வரும் வேளை தெரியாமையே கேட்டைப் பெருக்கியது. 1990களில் கனடாவின் மிஷேல் டுகாவும் அவருடன் ஆய்ந்தவர்களும், ஓயாத கவலையை முதன்மை அறிகுறியாகக் கொண்ட பொதுமைப்பட்ட பதகளிப்பு நோயின் மையத்தில் நிச்சயமின்மையைத் தாங்கவியலாமை இருப்பதாக வாதிட்டார்கள். 2016ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆர்ச்சி டி பெர்கர் முதலானோர் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் ஈடுபடுத்தி, பாறைகளுள் எதன் கீழ்ப் பாம்பு இருக்கும் என்று ஊகிக்கச் செய்து, பாம்பு தென்பட்டபோதெல்லாம் கையில் மின்னதிர்ச்சி கொடுத்து, வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தார்கள். அதிர்ச்சி உறுதியாக வரும் என்று தெரிந்தபோதைவிட, வரவும் வராமலிருக்கவும் சரிபாதி வாய்ப்பிருந்தபோதே நெருக்கீடு உச்சத்தைத் தொட்டது. ஒரு விளையாட்டின் சில நிமிடங்களையும் ஒரு சமூகத்தின் அரை நூற்றாண்டையும் ஒரே கோலால் அளப்பது முறையாகாது என்றாலும், துன்பம் நிச்சயமாவதைவிட அது நிச்சயமாகாதிருப்பது உடலுக்குப் பெரிய சுமை என்ற முடிவு, ஒப்பந்தக் காலத்து லயங்களைப் பற்றி யோசிப்பவருக்குப் புறந்தள்ளக்கூடியதன்று.

இந்தியக் கடவுச்சீட்டு வந்தவர்களுக்கும் நிச்சயம் வரவில்லை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிக்கு மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியோருள் ஒரு பகுதியினர் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டத்தில் மீண்டும் கொழுந்தெடுக்கப் போனார்கள். எஞ்சியிருந்தோரை 1970களின் உணவுப் பஞ்சமும், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களை ஒட்டிய வெளியேற்றங்களும் வாட்டின. 1977 மே 11ஆம் தேதி, தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தின் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின், லயத்து ஆண்கள் முறை வைத்து இரவு முழுவதும் விழித்திருப்பது வழக்கமாயிற்று. யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாத இளைஞர் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அட்டை இல்லை, குடியுரிமைப் பத்திரம் இல்லாததால் சான்றிதழை வைத்தும் பயனில்லை என்ற சுழல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மாதக்கணக்கான தடுப்புக்காவலில் போய் முடிந்தது.

நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் 1980ஆம் ஆண்டு இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் யுத்தத்தின் மனவடுக்களைத் தமிழில் எழுதவும் கற்பிக்கவும் முற்பட்டதன் வழியே அக்கருத்து இலங்கைத் தமிழ் உலகுக்கு அறிமுகமானது. தனியாளின் காயத்துக்கு அப்பால் ஒரு சமூகத்தின் உறவுகளும் நம்பிக்கைகளும் சேர்ந்து புண்படுவதை அவர் கூட்டு மனவடு என்று பேசினார். 1999ஆம் ஆண்டு சக்கரி ஸ்டீல், டெரிக் சிலோவ் முதலானோர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த தமிழ்ப் புகலிடக் கோரிக்கையாளர், அகதிகள், குடியேறியோர் ஆகிய மூவகையினரையும் ஆராய்ந்து, நாட்டில் பட்ட கொடுமையோடு, புகுந்த இடத்தின் இடர்களும் மனவடு அறிகுறிகளுக்குக் கணிசமான பங்களிக்கின்றன என்று காட்டினார்கள். அதே ஸ்டீல் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வு, சிட்னியில் வாழ்ந்த மண்டேய அகதிகளுள் தற்காலிக விசா பெற்றோரின் மனநிலை நிரந்தர விசா பெற்றோரினதைவிட மோசமாயிருந்ததைக் கண்டது. 1949 முதல் மலையகத்தில் கையாளப்பட்டதும் ஒருவகைத் தற்காலிக விசாவே. அது பிறந்த மண்ணிலேயே வழங்கப்பட்டது என்பதுதான் வேறுபாடு.

இத்தனையும் டிஸ்பென்சரியில் எந்த உருவில் வந்து நின்றன? மனத்தைப் பற்றிய முறைப்பாடாக வருவது அரிது. நெஞ்சு படபடக்குது, தலை சுத்துது, கை கால் உதறுது, உடம்பெல்லாம் எரியுது, சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்லப்படும். மனத்தின் துயர் உடல்வழி வெளிப்படுவதில் வியப்பில்லை, ஏனெனில் 1915ஆம் ஆண்டு வால்டர் கேனன் விளக்கியபடி, ஆபத்தை உணர்ந்த உடல் அட்ரினலினைச் சுரந்து, இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பி, போரிடவோ ஓடவோ ஆயத்தமாகிறது. போரிடவும் வழியின்றி ஓடவும் இடமின்றி அந்த ஆயத்தம் மட்டும் நாள்தோறும் நீடித்தால் உறக்கம், செரிமானம், கவனம் ஆகியவை குலைகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் இதே படபடப்பைக் கண்ட ஜேக்கப் டா கோஸ்டா 1871ஆம் ஆண்டு அதை இதயத்தின் கோளாறாகவே எழுதினார். பதகளிப்பைத் தனி நோயாக ஃப்ராய்ட் பிரித்துக் காட்ட 1895 ஆயிற்று. தோட்டத்தில் இந்தக் குழப்பத்துக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்களிடையே பரவலாக உள்ள இரத்தசோகையும் இதே படபடப்பையும் மூச்சிரைப்பையும் தலைச்சுற்றையும் தருகிறது. ஆகவே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்ட பெண்ணுக்கு இரத்தசோகையும் இருந்திருக்கலாம், பதகளிப்பும் இருந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருந்திருக்கலாம். ஒரு நாளில் பலரைப் பார்க்க வேண்டிய தோட்டத்து டாக்டரய்யாவுக்கு, அதிலும் நோயாளியின் மொழி சரளமாக வராதபோது, அவற்றைப் பிரித்தறிய நேரம் வாய்த்ததில்லை. (வெறும் வயிற்றில் பலமுறை குடிக்கப்படும் சாயத் தண்ணியில் உள்ள கஃபீனும் படபடப்பைக் கூட்டக்கூடியது என்பது, தேயிலை நாட்டில் எவரும் விரும்பிக் கேட்காத செய்தி.)

டிஸ்பென்சரியில் தீராதபோது குடும்பம் கோடாங்கியிடம் போயிற்று. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினாலும், அதன் செயல்முறையைக் கூர்ந்து நோக்குவது பயன்தரும். உடுக்கடித்துக் குறி பார்க்கும் கோடாங்கி, பெயரில்லாத கலக்கத்துக்கு முனி என்றோ ஏவல் என்றோ ஒரு பெயர் சூட்டுகிறார். அது எந்த மலையில் எந்த வேளையில் பற்றியது என்று இடத்தையும் காலத்தையும் சொல்கிறார். சேவலும் எலுமிச்சையும் குறித்த நாளில் கொண்டுவந்தால் இறங்கும் என்று கெடுவும் வைக்கிறார். தொல்காப்பிய வகுப்பின்படி சொன்னால், பொருளற்ற பதகளிப்பை அணங்கினால் வந்த அச்சமாக மாற்றிப் பரிகாரத்தைக் கைக்கெட்டச் செய்கிறார். உறவினர் கூடுவதும் நோயாளி பழிக்கப்படாமல் தாங்கப்படுவதும் இதனோடு சேரும்போது சிலருக்கு ஆறுதல் கிடைப்பது இயல்பே. இரத்தசோகையையும் இதய நோயையும் உடுக்கு தீர்க்காது. காலங்கடத்தும் தீமை அதற்குண்டு. ஆண்களுள் பலர் சாராயத்தையும் கசிப்பையும் மருந்தாக்கிக்கொண்டது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: மது அன்றைய இரவின் பதற்றத்தைத் தணித்து மறுநாளின் பதற்றத்தைக் கூட்டும்.

நவீன சிகிச்சையில் முதலில் வந்தது மாத்திரை. 1960ஆம் ஆண்டு குளோர்டயசெபொக்சைடும் 1963ஆம் ஆண்டு டயசெபாமும் சந்தைக்கு வந்தன. விரைவில் அமைதி தரும் இவை தொடர்ந்து உட்கொள்வோரைப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பது பின்னரே உறைத்தது. நடத்தையையும் எண்ணப் போக்கையும் பயிற்சியால் திருத்தும் அறிகை நடத்தைச் சிகிச்சை இணையான வழியாக வளர்ந்தது. 1986ஆம் ஆண்டு டேவிட் கிளார்க் விளக்கியபடி, திகில் தாக்கத்துக்கு உள்ளாகிறவர் சாதாரணப் படபடப்பை மாரடைப்பு என்று தவறாகப் பொருள்கொள்கிறார். அந்தப் பொருள்கோடல் படபடப்பை மேலும் கூட்டுகிறது. தவறான பொருளைச் சோதித்து விலக்கப் பழக்கினால் தாக்கம் தணிகிறது. ஆனால் இச்சிகிச்சைக்குத் தேவையான பயிற்சி பெற்ற உளவியலாளர், அதுவும் தமிழில் பேசக்கூடியவர், மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் கிடைப்பது எளிதன்று.

இந்த முட்டுக்கட்டையைத் தெற்காசியாவின் ஆய்வுகளே தளர்த்தின. விக்ரம் பட்டேல் தலைமையில் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்ப் பெண்கள் ஆலோசகர்களாகப் பயிற்றப்பட்டு, மனச்சோர்வும் பதகளிப்பும் கொண்டோரைத் தேற்றினார்கள். அரசு நிலையங்களில் குணமடைந்தோர் வீதம் தெளிவாகக் கூடியது, தனியார் மருத்துவர்களிடம் அவ்வேறுபாடு தென்படவில்லை. பெஷாவரில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் 346 பேரிடம் நடத்தி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து அமர்வுத் திட்டத்தைச் சாதாரண உதவியாளர்களே நடத்தியபோதும் பதகளிப்பு குறைந்ததைக் காட்டியது. மூச்சை நிதானமாக்குவது, ஒரு சிக்கலைப் பகுத்துப் படிப்படியாகத் தீர்ப்பது, கைவிட்ட வேலைகளை மீண்டும் தொடங்குவது, உறவின் துணையை வலுப்படுத்துவது ஆகியவையே அதன் உள்ளடக்கம். 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கைக்குப் பின், அங்கொடையில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்ப இலங்கை முனைந்தது. மனநலத்துக்கான மருத்துவ அலுவலர்கள் ஆதார வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். இருப்பினும் ஒரு நாள் பேரை இழந்து, டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறுவதற்குள்ள தயக்கத்தை, லயத்துக்கே வரும் பிள்ளை மடுவத்துப் பணியாளரைப் போன்ற ஒருவரால்தான் போக்க முடியும் என்பதை மேற்கண்ட ஆய்வுகள் உணர்த்துகின்றன.

உளவியல் தன் கருத்தொன்றைத் திருத்திக்கொண்ட கதையும் இங்கே இடம்பெற வேண்டும். 1967ஆம் ஆண்டு மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும், தவிர்க்கமுடியாத மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்கள் பின்னர் தப்ப வழியிருந்தும் தப்ப முயலாததைக் கண்டு, உதவியற்ற நிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார்கள். நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து 2016இல் அவர்களே அதைத் தலைகீழாக்கினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்குவது மூளையின் இயல்பான எதிர்வினை, கற்றுக்கொள்ளப்படுவது தன் செயலால் துன்பத்தை மாற்றலாம் என்ற அனுபவமே, அவ்வனுபவம் கிடைத்த பின் மூளையின் முன்பகுதி அம்முடக்கத்தை அடக்குகிறது. மலையகத்தாரை விதியை நொந்து அடங்கிக் கிடப்பவர் என்று எழுதிய துரைமாரின் குறிப்புகளை இதன் ஒளியில் மறுபடி வாசிக்க வேண்டும். 1952ஆம் ஆண்டு வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் நடத்திய சத்தியாக்கிரகம் பலனின்றி முடிந்தது. 1986 தைப்பொங்கலை ஒட்டித் தொண்டமான் தலைமையில் தொழிற்சங்கங்கள் நடத்திய பிரார்த்தனை இயக்கத்தின்போது, வேலைக்குப் போகாமல் கோயில் முற்றத்தில் அமர்ந்த மக்களின் முன்னிலையில், மிஞ்சியிருந்த 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்க அரசு இணங்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வதிந்தோருக்கும் அவர்தம் வழியினருக்கும் குடியுரிமையை உறுதி செய்தது. உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட தேதியையே சட்டம் தகுதித் தேதியாகக் கொண்டது.

காகிதம் கிடைத்தபின் அச்சம் மலைச்சரிவுக்கு இடம்பெயர்ந்தது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தையின் மீரியபெத்தை லயங்களை மண் மூடியது. அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழை நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மீண்டும் பல உயிர்களைக் கொண்டது. தகரக் கூரையில் மழை பலக்கும்போது பிள்ளைகளை எழுப்பி உட்காரவைக்கும் தாயிடம், எண்ணத்தில் பிழை இருக்கிறது என்று எந்த அறிகைச் சிகிச்சையும் கூற முடியாது. பெஷாவரில் சோதிக்கப்பட்ட திட்டம் சிக்கல்களைத் தீர்க்கக்கூடியவை, தீர்க்கமுடியாதவை, முக்கியமற்றவை என மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட லயத்தில், தனக்கு உரித்தில்லாத காம்பிராவில் குடியிருப்பவர் அதை இரண்டாம் வகையில்தான் வைக்க முடியும். ஏழு பேர்ச் காணியும் அதற்கு உறுதிப் பத்திரமும் தருவதாகச் சொல்லி 2015க்குப் பின் தொடங்கிய தனி வீட்டுத் திட்டங்கள் அதே சிக்கலை முதலாம் வகைக்கு நகர்த்துகின்றன; ஆனால் அவை இன்னும் பெரும்பாலான லயங்களை எட்டவில்லை.